வெளியீட்டின்போது வந்த 502 பிழை: என் அனுபவம்

எங்கள் செயலியின் இமேஜை (அதை இயக்கத் தேவையானவை அடங்கிய தொகுப்பை) உருவாக்கி, கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் நிறுவும் எங்கள் தானியங்கிப் பைப்லைன் ஒவ்வொரு முறையும் பச்சை காட்டியது. ஆனாலும் வெளியீட்டின்போது சில பயனர்களுக்கு 502 பிழை, அதாவது இடையில் நின்று கோரிக்கைகளைக் கடத்தும் ப்ராக்ஸிக்குச் செயலியிடமிருந்து சரியான பதில் கிடைக்காதபோது வரும் பிழை, வந்தது. புதிய பாட் (செயலியின் கன்டெய்னர் ஓடும் அலகு) தயாராகும் முன்பே கோரிக்கைகள் அதற்குச் செல்வதாக எண்ணி, பாட் தயாரா எனச் சோதிக்கும் ரெடினஸ் புரோபை மாற்றினேன், வெளியீட்டின்போது எத்தனை பாடுகள் வரை குறையலாம் என்று சொல்லும் மேக்ஸ்-அன்அவெய்லபிள் மதிப்பை 0 ஆக்கினேன். இரண்டும் பயன் தரவில்லை, நாட்கள் வீணாயின.

வழி காட்டியவை லாக்கில் இருந்த நேரக்குறிப்புகளே. புதிய பாட் எழும்போது அல்ல, பழைய பாடை நிறுத்தத் தொடங்கிச் சரியாக 30 விநாடிகள் கழித்தே பிழைகள் வந்தன. அதன் கன்டெய்னர் 137 என்ற வெளியேறும் எண்ணுடன் முடிந்திருந்தது, அதாவது 128 உடன், பிராசஸை வலுக்கட்டாயமாக நிறுத்தும் சிக்கில் சிக்னலின் எண்ணான 9. தொடக்க ஸ்கிரிப்டை இயக்கிய ஷெல்லே (கட்டளைகளை இயக்கும் நிரல்) கன்டெய்னரின் 1ஆம் எண் பிராசஸாக இருந்து, 'வேலையை முடித்துக்கொள்' எனத் தனக்கு வந்த சிக்டெர்ம் சிக்னலைத் தன் கீழ் ஓடிய நோடுக்கு (எங்கள் செயலியை ஓட்டும் நோட்.ஜேஎஸ்) கடத்தாததால், இயல்பான 30 விநாடி அவகாசம் முடிந்ததும் சிக்கில் வந்து, ப்ராக்ஸி மறுபயன்பாட்டுக்காகத் திறந்து வைத்திருந்த கீப்-அலைவ் இணைப்புகள் கோரிக்கைகளின் நடுவிலேயே அறுக்கப்பட்டன.

ஸ்கிரிப்டின் கடைசி வரியில், நோடை அழைக்கும் கட்டளைக்கு முன் 'எக்ஸெக்' என்ற ஒரே சொல்லைச் சேர்த்தேன். ஷெல்லின் இடத்தை நோடே எடுத்துக்கொண்டது. சிக்டெர்ம் வந்ததும் இணைப்புகளை ஒழுங்காக மூடும் பகுதி எங்கள் கோடில் ஏற்கெனவே இருந்ததால், பழைய பாட் சில விநாடிகளில் 0 என்ற எண்ணுடன் முடிந்தது, 502 நின்றது. பெரும் நிம்மதி. இமேஜை உருவாக்கும் குறிப்புகள் உள்ள டாக்கர்ஃபைலில், கன்டெய்னர் தொடங்கும்போது இயங்கும் கட்டளையைத் தரும் சிஎம்டி வரியைச் சதுர அடைப்பு இல்லாமல் எழுதினாலும் இடையில் ஷெல் நுழையும் என்பதால், அதையும் பார்த்துவிடுங்கள்.