வோபான் பாணியில் ஒரு கோட்டை முற்றுகையைத் தாளில் வரைவது எப்படி?

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய முற்றுகை வரைபடங்களை முதலில் பார்க்கும்போது தலை சுற்றும். கோட்டையைச் சுற்றி வளைகோடுகள், அவற்றுக்கு நடுவே கோணல்மாணலாக இன்னும் கோடுகள். படித்துப் புரியாத இந்த விஷயம் ஒருமுறை நாமே வரைந்தால் புரிந்துவிடும்.

பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகரை (இன்றைய நெதர்லாந்தில்) பிடித்த முறையைத்தான் வரையப்போகிறோம். ஜூன் 17 இரவு, குண்டுகளுக்கு மறைவாக மதிலை நெருங்கக் குழி தோண்டத் தொடங்கினார்கள். 30ஆம் தேதி நகரம் பணிந்தது. அந்த நகரத்து மதில் ஒழுங்கற்ற வடிவம் என்பதால், பழகுவதற்கு ஒரு சீரான அறுகோணக் கோட்டையின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம்.

தேவையானவை

மில்லிமீட்டர் கட்டத்தாள், கூரான பென்சில், நீளமான அடிக்கோல், காம்பஸ். அளவு: 1 செ.மீ. = 50 மீட்டர். இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் வரையலாமா என்றால் வரையலாம். ஆனால் முதல் தடவை தாளில்தான் வரைய வேண்டும் என்பது என் கட்சி. அடிக்கோலைக் கையில் திருப்பிப் பார்க்கும் பழக்கம் 4ஆம் படியில் கைகொடுக்கும்.

(பின்சேர்க்கை: முதலில் ஏ4 தாள் போதும் என்று எழுதியிருந்தேன். ஏ3 வாங்குங்கள். காரணம் 5ஆம் படியில்.)

படி 1: கோட்டை

தாளின் கீழ்ப்பகுதியில், அடியில் அரைச் சாண் இடம் விட்டு, 7 செ.மீ. கிடைக்கோடு. இரு முனைகளும் இரண்டு கொத்தளங்களின் (மதிலின் மூலைகளில் வெளியே நீட்டி நிற்கும் அரண்களின்) கூர்முனைகள். கோட்டின் நடுவிலிருந்து கோட்டைக்குள் (கீழே) 1.2 செ.மீ. இறங்கி ஒரு புள்ளி. இது கோட்டின் ஆறில் ஒரு பங்கு. இரு முனைகளிலிருந்தும் அந்தப் புள்ளி வழியாக நீளமாகக் கோடு இழுங்கள். ஒவ்வொன்றிலும் முனையிலிருந்து 2 செ.மீ. கொத்தளத்தின் முகம், அது முடியும் இடம் தோள். ஒரு தோளில் காம்பஸ் முள்ளை வைத்து, எதிர்த்தோள் வரை விரித்து, அங்கிருந்து உள்ளே ஒரு வில் போடுங்கள். முள் இருக்கும் பக்கத்து முனையிலிருந்து வரும் கோட்டை அந்த வில் வெட்டும் இடத்தையும் எதிர்த்தோளையும் இணைத்தால் பக்கச்சுவர். மறுபுறமும் இப்படியே செய்து, இரண்டு பக்கச்சுவர்களின் அடிகளையும் இணைத்தால் மதில்.

முதல் கோட்டின் நடுவிலிருந்து 1.4 செ.மீ. வெளியே, மதிலுக்கு முன்னால் நிற்கும் முக்கோண அரணின் முனை. எல்லாவற்றையும் சுற்றி அகழியும் மறைவழியும் (அகழியின் வெளிக்கரையில் வீரர்கள் மறைந்து நிற்கும் பாதை) சேர்த்து 1 செ.மீ., அதற்கும் வெளியே சரிவு மேடு (வெளிநிலத்தை நோக்கிச் சாயும் மண்மேடு) 0.8 செ.மீ.

ஐந்து கொத்தளங்களோடு இந்த அமைப்பை மேலிருந்து பார்க்க வேண்டுமானால், டச்சுக்காரர்கள் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள்.

படி 2: அச்சுக்கோடுகள்

கொத்தள முனைகள் இரண்டிலிருந்தும், அரணின் முனையிலிருந்தும் வெளியே ஒவ்வொரு கோடு. அரணின் கோடு செங்குத்து. கொத்தளங்களுடையவை அதிலிருந்து 30 பாகை விலகி விரியும். கூர்முனைக்கு நேர் எதிரே கோட்டையின் சுடும் திறன் குறைவு. அதனால்தான் தாக்குபவர்கள் இந்தக் கோடுகளை ஒட்டி வந்தார்கள்.

படி 3: இணைக்குழிகள்

இணைக்குழி என்பது கோட்டைக்கு இணையாகத் தோண்டி, தாக்கும் படை தங்கி நிற்கும் நீண்ட குழி. மறைவழியிலிருந்து 12 செ.மீ. தொலைவில் கோட்டையை அணைத்தபடி ஒரு வளைகோடு, 6 செ.மீ.யில் இன்னொன்று, சரிவு மேட்டின் அடியில் மூன்றாவது. நிஜத்தில் 600, 300 மீட்டர். இதை மனப்பாடம் செய்ய வேண்டாம். கோட்டைக்காரர்கள் திடீரென வெளியே பாய்ந்து, குழியின் முனையில் தோண்டுபவர்களை வெட்டிப் போடுவார்கள். காப்பாற்ற வரும் படை எதிரியைவிட அருகில் இருக்க வேண்டும். குழி பாதி தூரம் தாண்டியதும் அந்தச் சாதகம் போய்விடும். அங்கே அடுத்த இணைக்குழி தேவை. மாஸ்ட்ரிக்ட்டில் வோபான் இதை முழுமையாகச் செய்து காட்டினார்.

படி 4: கோணல் குழிகள்

ஓர் இணைக்குழியிலிருந்து அடுத்ததற்கு, அச்சுக்கோட்டை ஒட்டி மாறி மாறித் திரும்பி முன்னேறும் குழிகள் இவை. பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். அச்சுக்கோட்டின் இருபுறமும் ஒரே சாய்வில் 45 பாகையில் இழுத்துக்கொண்டே போவார்கள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே ஒருவர் உயிரோடு மிஞ்ச மாட்டார்.

ஒவ்வொரு துண்டையும் வரைவதற்கு முன், அடிக்கோலை அதன் மேல் வைத்துக் கோட்டைப் பக்கமாக நீட்டிப் பாருங்கள். அந்த நீட்சி மறைவழியின் கடைசி முனைக்கும் வெளியே விழ வேண்டும். எங்காவது உரசினால், அங்கிருந்து ஒரே குண்டு குழியின் நீளம் முழுக்க ஓடும்.

தொலைவில் இருக்கும்போது துண்டுகள் ஓரளவு செங்குத்தாகவே முன்னேறலாம். நெருங்க நெருங்க, கோட்டைக்கு வெளியே குறி வைக்கத் துண்டுகள் படுக்க ஆரம்பிக்கும். நிறையத் தோண்டிக் கொஞ்சம்தான் முன்னேற முடியும். சப்பர் எனப்படும் தோண்டும் வீரர்களின் வேலை கடைசியில் ஏன் அவ்வளவு மெதுவாக நடந்தது என்பதும் இதில் புரியும். முதல் ஆள் ஒன்றரை அடி ஆழமும் அகலமுமாகத் தோண்ட, பின்னால் வருபவர்கள் அரை அரை அடியாகக் கூட்ட, நான்காவது ஆளிடம் அது மூன்றடி ஆகும். மறைவுக்காக முன்னால் ஒரு பெரிய கூடையை உருட்டிக்கொண்டே போவார்கள்.

ஒரு வாசகர் கேட்டது நியாயமான கேள்வி: நாம் வரையாத பக்கத்துக் கொத்தளம்? அதையும் புள்ளியாகக் குறியுங்கள். ஒவ்வொரு கொத்தள முனையிலிருந்தும் வெளிப்பக்கமாக 3.5 செ.மீ., கீழே 6.1 செ.மீ. பீரங்கி எட்டும் தூரத்தில் இருந்தால் சோதனை அதற்கும் பொருந்தும்.

படி 5: பீரங்கிகள்

கொத்தள முகங்களை அடிக்கோலால் வெளியே நீட்டுங்கள். அந்தக் கோட்டின் மேல் பீரங்கியை வைத்தால், குறைந்த வெடிமருந்தில் குண்டு மதிலின் மேல் துள்ளித் துள்ளி ஓடி, வரிசையாக நிற்கும் பீரங்கிகளைப் புரட்டும். இது மாஸ்ட்ரிக்ட்டில் கிடையாது. 1688இல் பிலிப்ஸ்பர்க்கில் வோபான் பயன்படுத்தியது. 1697இல் ஆத் நகர (இன்றைய பெல்ஜியத்தில்) முற்றுகையில் இது கச்சிதமானது. வரையும்போது சேர்த்தே வரையுங்கள்.

ஏ4 சிக்கல் இங்கேதான். நாம் தாக்கும் பக்கத்தைப் பார்த்திருக்கும் இரண்டு முகங்களின் நீட்சியும் மிகத் தாழ்வாக, பக்கவாட்டில் ஓடித் தாளை விட்டே போய்விடும். ஏ3யில் மட்டுமட்டாக அடங்கும். பலரும் இவற்றை விட்டுவிட்டு மற்ற முகங்களுக்கு மட்டும் பீரங்கி வைக்கிறார்கள். நம்மை நேராகச் சுடுவது இந்த இரண்டும்தான், விடாதீர்கள்.

படி 6: மீதி

மூன்றாம் இணைக்குழியிலிருந்து மறைவழியின் விளிம்பைப் பிடித்து, அங்கே மதிலை உடைக்கும் பெரிய பீரங்கிகளைக் குறியுங்கள். அதற்கு முன்பே ஏன் உடைக்கவில்லை? சரிவு மேடு மதிலின் அடியை மறைக்கிறது. விளிம்புக்கு வந்தால்தான் அடி தெரியும். ‘மூன்று மஸ்கடியர்கள்’ நாவலின் நாயகனாக நாம் அறிந்த தார்த்தன்யான் ஜூன் 25 அன்று செத்ததும் மாஸ்ட்ரிக்ட்டில் இப்படியொரு முன்னரணுக்கான சண்டையில்தான்.

மதிலில் உடைப்பு விழும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டால் படம் முடிந்தது. மை தீட்டும்போது கோட்டைக்குக் கறுப்பு, தாக்குதலுக்குச் சிவப்பு. அடிக்கோல் சோதனைக் கோடுகளை அழிக்காமல் மெலிதாக விட்டுவையுங்கள்.