வேரில் முடிச்சா? பிடுங்குமுன் உற்றுப் பாருங்கள்

மண்ணில் ஈரம் இருந்தும் தக்காளி, கத்தரி, வெண்டைச் செடிகள் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்கின்றனவா? உரமிட்டும் வெளிறி, திட்டுத்திட்டாக வளர்ச்சி குன்றி நிற்கின்றனவா? இலையைப் பார்த்தது போதும், வேரைப் பாருங்கள். செடியை இழுத்துப் பிடுங்கினால் நுனிவேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். சுற்றிலும் தோண்டியெடுத்து, நீரில் மெல்ல அலசுங்கள். வேரே ஆங்காங்கே வீங்கி முண்டும் முடிச்சுமாக இருந்தால், அது வேருக்குள் வாழும், கண்ணுக்குத் தெரியாத நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழுவின் வேலைதான்.

பயறுவகைச் செடிகளில் மட்டும் அவசரப்படாதீர்கள். ரைசோபியம் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும்; நறுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சோ வேரின் சதையே பருத்தது, உதிராது. இது தெரியாமல் நல்ல செடியை எறிபவர்களைக் கண்டால் மனம் வலிக்கிறது. பாதித்த வேர்களை எருக்குழியில் போட வேண்டாம்.