'ட்ரை பண்றேன் சார்' என்றால் முடியாது என்று அர்த்தம்: மணிலாவுக்கு வேலைக்கு வருபவர்களுக்கு

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு தம்பி பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய மகாத்தியில் வேலைக்குச் சேர்ந்தார். மூன்றாவது வாரமே போன் வந்தது. "அண்ணே, எது சொன்னாலும் சிரிக்கிறாங்க, எது கேட்டாலும் சரின்றாங்க, ஆனா ஒரு வேலையும் நடக்க மாட்டேங்குது. சுத்த சோம்பேறிங்க." 2017-இல் நான் சென்னை ஓஎம்ஆரிலிருந்து இங்கே வந்த புதிதில் என் மனைவியிடம் இதையேதான் சொன்னேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை ஒரு வருட போனஸும், நன்றாக வேலை செய்த ஆறு பேரும். தம்பிக்கு அன்று ஒன்றரை மணி நேரம் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். அடுத்தவர் கேட்டால் இதை அனுப்பிவிடலாம் பாருங்கள்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். தொழிலாளர் துறை தரும் வெளிநாட்டவர் வேலை அனுமதி, குடிவரவுத் துறையின் 9ஜி என்ற வேலை விசா, அதோடு வரும் ஏசிஆர் ஐ-கார்டு என்ற வெளிநாட்டவர் அடையாள அட்டை, வரி எண், எல்லாவற்றையும் கம்பெனியே பார்த்துக்கொள்ளும். 9ஜி வரும் வரைக்கும் தற்காலிக அனுமதி வாங்கித் தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஒரு நாள்கூட சீட்டில் உட்காராதீர்கள். ஒவ்வொரு வருடமும் முதல் 60 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆண்டுப் பதிவு செய்ய வேண்டும். மறந்தால் அபராதம். கோயில் வேண்டும் என்பவர்களுக்கு பாக்கோவில் மகாத்மா காந்தி தெருவில் ஒன்று இருக்கிறது. சோற்றுக்குக் கவலையே இல்லை. மூன்று வேளையும் சோறு தின்னும் ஊர் இது. சினிகாங் என்று ஒரு புளித் தண்ணீர்க் குழம்பு வைப்பார்கள். காய்ச்சல் வந்த நாளில் அது நம் ரசத்துக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கும்.

தெருவில் உங்களை 'பும்பாய்', அதாவது பம்பாய்க்காரன் என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் பைக்கில் போய் வட்டிக்குக் கொடுப்பது இங்கே பல காலமாக நடக்கிறது. 'ஃபைவ்-சிக்ஸ்' என்பார்கள், ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். நம் ஊர் தண்டல்தான். அதனால் இந்திய முகம் என்றாலே வட்டிக்குக் கொடுப்பவன் நினைப்பு வந்துவிடுகிறது.

கடன் என்றதும் சம்பளம் ஞாபகம் வருகிறது. இங்கே மாதத்தில் இரண்டு முறை, 15-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும். சம்பளத்துக்கு முந்தைய சில நாட்களுக்கு 'பெத்சா டி பெலிக்ரோ', அதாவது ஆபத்தான தேதிகள் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஒருவர் உங்கள் மேசைப் பக்கம் வந்து, வானிலையைப் பற்றிப் பேசி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் அவருக்கு 'பாலே', முன்பணம் வேண்டும். நீங்களே கேட்டுவிடுங்கள், அவரைக் கேட்க வைக்காதீர்கள். அப்புறம் 13-ஆவது மாதச் சம்பளம். 1975-இல் போட்ட சட்டம், டிசம்பர் 24-க்குள் கொடுத்தே ஆக வேண்டும். வருடத்தில் வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. நம் ஊரில் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்ச போனஸான 8.33 சதவீதமும் அதே பங்குதான், ஆனால் அங்கே இருக்கிற சம்பள உச்சவரம்பு இங்கே கிடையாது. இதைக் கம்பெனியின் தயவு என்று நினைத்து, ஒரு கூட்டத்தில் "உங்களுக்கு போனஸ் தருகிறோமே, உழைக்க வேண்டாமா" என்று பேசிவிட்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்புக்கு அப்புறம் வருகிறேன்.

மரியாதை விஷயத்தில் நமக்கும் இவர்களுக்கும் ஒரே பள்ளிக்கூடம்தான். வாக்கியத்துக்கு வாக்கியம் 'போ' சேர்ப்பார்கள். முதல் வாரம் முழுக்க எல்லோரும் என்னை விரட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லிவிட்டு 'போ', காலை வணக்கம் சொல்லிவிட்டு 'போ'. கோயம்புத்தூர்க்காரர்களின் 'ங்க'தான் அது. மூத்த ஆணை 'கூயா', மூத்த பெண்ணை 'ஆத்தே' என்பார்கள். ஆத்தே என்றால் அக்கா, ஆத்தா இல்லை. நீங்கள் மேலாளர் என்பதால் பெயருக்கு முன்னால் சார் போட்டு 'சார் செந்தில்' என்பார்கள். வாசலில் நிற்கும் காவலர் ஆணா பெண்ணா என்று பார்க்கக்கூட மாட்டார், எல்லோருக்கும் சேர்த்து ஒரே 'மாம்-சர்'.

சரி, நான் மாட்டிக்கொண்ட கதை.

மணிலா பக்கம் ஒர்த்திகாஸில் ஒரு கால் சென்டர், அமெரிக்க வாடிக்கையாளர், இரவு ஷிஃப்ட். என் டீமில் 14 பேர். அதில் தரம் பார்க்கும் ஆத்தே ஒருவர், நாற்பதைத் தாண்டியவர். டீமில் எல்லோரும் என்னைவிட அவரைத்தான் கேட்பார்கள். ஒரு புதன்கிழமை இரவு அவரிடம், வெள்ளிக்கிழமைக்குள் மூன்று மாத அழைப்புகளையும் கேட்டு அறிக்கை தர முடியுமா என்றேன். "ஐ வில் ட்ரை, சார்" என்றார். நம் ஊரில் 'ட்ரை பண்றேன்' என்றால் கொஞ்சம் பிகு செய்துகொண்டு முடித்துத் தருவார்கள் என்று பொருள். அதை நம்பி வாடிக்கையாளரிடம் நேரம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அறிக்கை பாதிதான் வந்தது. வந்ததிலும் ஒரு எண் தப்பு. அமெரிக்காவிலிருந்து ஒருவன் என்னைப் பத்து நிமிடம் வறுத்தெடுத்தான். நான் நேராக வெளியே வந்து, எல்லோரும் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே அவரை நிற்க வைத்துக் கத்தினேன். பெருங்குடியில் என் பழைய மேலாளர் என்னைக் கத்தாத நாள் கிடையாது. கத்திவிட்டு, அரை மணி நேரத்தில் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போய் பஜ்ஜி வாங்கிக் கொடுப்பார், தீர்ந்தது. அதுதான் எனக்குத் தெரிந்த நிர்வாகம்.

ஆத்தே சிரித்தார். "யெஸ், சார்" என்றார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஏற்றிவிட்டது. "இதுகூட முடியாதென்றால் நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். சத்தியமாக அர்த்தத்தோடு சொல்லவில்லை. நம் வாயில் தினமும் வருகிற வார்த்தைதானே.

அவர் வரவில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, போன் எடுக்கவில்லை. என்னிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மதியச் சாப்பாடு போல நடு இரவில் டப்பாக்களைத் திறக்கும்போது "கைன் தாயோ, சார்", சாப்பிடலாம் வாங்க என்று கூப்பிடுவார்களே, அது நின்றுபோனது. இரண்டு மாதத்துக்குள் இன்னும் ஐந்து பேர் ராஜினாமா கொடுத்தார்கள். காரணம் கேட்டால் குடும்ப விஷயம், சார். ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் குடும்ப விஷயம்.

அதற்கு நடுவில் தொழிலாளர் துறையின் சமரசப் பிரிவிலிருந்து கடிதம். வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போவதற்கு முன்னால் 30 நாள் பேச்சுவார்த்தை நடக்கும், அதற்கு வரச் சொல்லி. எங்கள் மனிதவள அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: நோட்டீஸ் எங்கே? இங்கே நிரந்தரமான ஆளைத் தப்புக்காக வெளியே அனுப்ப இரண்டு நோட்டீஸ் வேண்டும். முதலாவதில் குற்றச்சாட்டைச் சொல்லி, பதில் தர ஐந்து நாளாவது கொடுக்க வேண்டும். அவர் தரப்பைக் கேட்ட பிறகு முடிவைச் சொல்லும் இரண்டாவது. காரணம் நியாயமாகவே இருந்தாலும் இந்த முறை தவறினால் நஷ்டஈடு உண்டு. புதிதாகச் சேர்ந்தவருக்கு ஆறு மாதச் சோதனைக் காலம் இருக்கிறது என்று தைரியம் கொள்ளாதீர்கள். எந்த அளவுகோலில் பார்ப்போம் என்று சேரும்போதே சொல்லியிருக்காவிட்டால் அவர் முதல் நாளிலிருந்தே நிரந்தரம்தான். நானோ 13 பேர் சாட்சியாக வாயால் அனுப்பியிருந்தேன். கம்பெனி பணம் கொடுத்துச் சமரசம் செய்தது. என் போனஸ் அதில் போனது.

அர்த்தம் விளங்கியது கம்பெனி வண்டி ஓட்டும் கூயாவிடம்தான். எட்சா சாலையில் மழை நாள், வண்டி இரண்டு மணி நேரம் நகரவில்லை. அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்: "சார், அவர் சிரித்தது கிண்டலுக்கு இல்லை. அழக்கூடாதே என்று சிரித்தார்." 'ஹியா' என்று ஒரு வார்த்தை சொன்னார். வெட்கம், கூச்சம், மானம் மூன்றும் கலந்தது. நாலு பேர் முன்னால் ஒருவரைக் குறுக வைத்தால், கத்தியவனைத்தான் கேவலமாகப் பார்ப்பார்கள். பிறகு வருவது 'தாம்போ'. நாம் கோவிச்சுக்கிறது என்போமே, சண்டை போடாமல், பேசாமல், தள்ளி உட்கார்ந்துகொண்டு, நீ வந்து சமாதானம் செய் என்று காத்திருப்பது. நான் அந்த வார இறுதியில் போய் மன்னிப்புக் கேட்டிருந்தால் திங்கட்கிழமை வந்திருப்பார் என்றார் கூயா. நானோ அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்தேன். திருக்குறளில் ஊடலுக்கென்றே இருக்கும் அதிகாரங்களைப் படித்தவன், ஆபீசில் அதை அடையாளம் கண்டுகொள்ளத் தெரியவில்லை.

'ட்ரை பண்றேன்' விவகாரமும் அன்றுதான் தெளிந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்வது அவமரியாதை. அதனால் 'ட்ரை பண்றேன்' என்பார்கள். ஆத்தே அன்றே முடியாது என்று சொல்லிவிட்டார், எனக்குத்தான் காதில் விழவில்லை.

இன்னொன்றும் சொன்னார். ஆத்தே வீடு கவித்தே மாகாணத்தில் தஸ்மரினாஸ். இரவு ஒன்பது மணி ஷிஃப்டுக்கு மாலை ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புவார். ஷிஃப்ட் முடிந்த நொடியில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து 'பொறுப்பில்லை' என்று நான் முகம் சுளித்திருக்கிறேன். அந்த வேனைப் பிடிக்காவிட்டால் பிள்ளை பள்ளிக்குப் போவதற்குள் வீடு சேர முடியாது. மேலாளர் கிளம்பும் வரை சும்மா ஸ்க்ரீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை உழைப்பு என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

சோம்பேறிகள் என்ற பட்டம் இவர்களுக்குப் புதிதல்ல. இவர்களை ஆண்ட ஸ்பெயின்காரர்கள் சொன்னது. கொய்யா மரத்தடியில் வாயைத் திறந்து படுத்து, பழம் தானாக விழக் காத்திருக்கும் ஹுவான் தமாத் என்ற கதையை இவர்களே பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். 1890-இல் இவர்களின் தேசியத் தலைவரான எழுத்தாளர் ஹோசே ரிசால் 'லா சோலிடாரிடாட்' பத்திரிகையில் இந்தப் பட்டத்துக்கு வரிசையாகப் பதில் எழுதினார். ஸ்பெயின் வருவதற்கு முன்னால் இவர்கள் அக்கம்பக்கத்து நாடுகளோடெல்லாம் வியாபாரம் செய்தவர்கள். கட்டாய வேலை வாங்கி, உழைத்த பலனையும் பிடுங்கிக்கொண்டால் யாருக்குத்தான் கை எழும் என்பது அவர் கேள்வி. எங்கள் கூயாவின் தங்கை ரியாத்தில் நர்ஸ், மைத்துனர் கப்பலில். 2023-இல் மட்டும் வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி வழியாக வீட்டுக்கு அனுப்பியது 3,300 கோடி டாலருக்கு மேல். துபாய்க்கு அப்பாவை அனுப்பிவிட்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதற்காக எல்லாமே தேன் என்று சொல்லமாட்டேன். ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்கு வந்து 'டிராஃபிக், சார்' என்பார்கள். செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு போட ஆரம்பித்து நான்கு மாதம் உயிரை வாங்குவார்கள். என் டீமிலேயே கெட்டிக்காரப் பையனுக்குப் பதவி உயர்வு கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டான். கூட்டாளிகளை அதிகாரம் பண்ண முடியாதாம். இன்னும் எனக்கு எரிச்சல்தான். 'பாகிகிசாமா', கூட இருப்பவர்களோடு ஒத்துப்போவது, அவனுக்குச் சம்பளத்தைவிடப் பெரிது. கம்பெனிக்கு விசுவாசம் என்பதெல்லாம் இங்கே கொஞ்சம் மெலிசு, மனிதருக்கு விசுவாசம்தான் கெட்டி. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தால், அந்த ஆள் மூன்று வருடம் கழித்தும் உங்களுக்காகப் புயலில் வேலைக்கு வருவார்.

தப்பைச் சொல்ல வேண்டுமென்றால் தனி அறை, கதவு சாத்தி, முதலில் வீட்டில் எல்லோரும் நலமா என்று கேட்டுவிட்டு. நாலு பேருக்கு நகல் போட்டு மின்னஞ்சலில் திட்டுவதும் கத்துவதும் ஒன்றுதான். நேரே சொல்லக் கூச்சமாக இருந்தால் இருவருக்கும் வேண்டிய மூத்தவர் ஒருவர் மூலம் சொல்லி அனுப்புங்கள். அதற்கு 'துலாய்', பாலம் என்று பெயர். நம் ஊரில் மாமாவை வைத்துப் பேசுவதில்லையா, அது.

போன வாரம் இப்போதைய தர ஆய்வாளர் பெண்ணிடம் ஓர் அறிக்கை கேட்டேன். "ஐ வில் ட்ரை, சார் செந்தில்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்தப் பாதி முடியாது?" என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இரண்டாவது பாதியாம்.

அப்புறம், ஊருக்குப் போய்த் திரும்பும்போது 'பாசலூபோங்' இல்லாமல் வராதீர்கள். டீமில் எல்லோருக்கும் ஏதாவது தின்பண்டம், விமான நிலையத்தில் வாங்கியதாக இருந்தாலும் சரி. நான் திருநெல்வேலி அல்வா மூன்று கிலோ சுமந்து வந்தேன். கையெல்லாம் நெய் என்று ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டார்கள். முறுக்கு கொண்டு வாருங்கள், அரை மணி நேரத்தில் டப்பா காலியாகிவிடும்.