கதவிடுக்கில் கசியும் காற்றை அடைப்பது எப்படி?

ஏசி மணிக்கணக்கில் ஓடியும் அறை குளிரவில்லையா? ஹீட்டர் போட்டும் காலடியில் சில்லென்று காற்று வருகிறதா? இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முன் இடுக்குகளைப் பாருங்கள். 90 செ.மீ. அகலக் கதவின் அடியில் 3 மி.மீ. இடைவெளி இருந்தால் அதன் பரப்பு 27 சதுர செ.மீ. சுவரில் 5 செ.மீ.க்கு 5 செ.மீ. ஓட்டை போட்டு அப்படியே விட்டுவைப்போமா? வெளிக்காற்று ஈரமாக இருந்தால் இன்னும் மோசம்: ஏசி அந்தக் காற்றைக் குளிர்விப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் தண்ணீராக்கி வெளியேற்ற வேண்டும்.

1. கசிவைக் கண்டுபிடியுங்கள்

முதலில் கேஸ் அடுப்பு, கேஸ் கீசர் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். கதவு ஜன்னல்களைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். அது காற்றை வெளியே தள்ளத் தள்ள, ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் வெளிக்காற்று உள்ளே வரும். திரைச்சீலைகளை ஒதுக்கிவிட்டு, ஓர் ஊதுபத்தியைச் சட்டங்களின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை சட்டென்று வளையும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள். ஏசி குழாய் நுழையும் துவாரம், சிங்க்குக்கு அடியில் குழாய் போகும் இடம், ஸ்விட்ச் போர்டின் ஓரம் ஆகியவற்றை மறக்காதீர்கள்.

2. அசையாத இடுக்குகள்

சுவரும் சட்டமும் சேரும் இடத்துக்கு சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போதும். ஈரம் படும் இடத்துக்கு சிலிகான். பெயின்ட் அடித்த உட்சுவருக்கு அக்ரிலிக்தான் என் தேர்வு, ஏனென்றால் சிலிகான் மேல் பெயின்ட் ஒட்டாது. பழைய சிலிகான் மேல் புதியதும் சரியாகப் பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுத்து, துடைத்து, காயவிட்டுப் பூசுங்கள். இடுக்கு 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் ஃபோம் கயிறு (பேக்கர் ராட்) திணித்துவிட்டு மேலே பூசுங்கள். ஏசி குழாய்த் துவாரத்துக்கு ஸ்ப்ரே ஃபோம் நல்லது. அது உப்பிப் பெரிதாகும், அதனால் துவாரத்தை நிரப்பிவிடாமல் பாதியோடு நிறுத்துங்கள். கையுறை கட்டாயம்.

3. திறந்து மூடும் கதவு

நான் தடுமாறிய இடம் இதுதான். தடிமன் கூடினால் கசிவு குறையும் என்று நினைத்து 9 மி.மீ. ஃபோம் டேப்பை நிலையில் ஒட்டினேன். கதவு தாழ்ப்பாளில் விழவில்லை. தினமும் அழுத்திச் சாத்தியதில் சில வாரங்களில் டேப் பிய்ந்து வந்தது. நான் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: இடுக்கை அளக்கவில்லை.

அளப்பது எளிது. குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சிறு உருண்டைகளாக்கி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நிலையின் மேலே, நடுவே, கீழே வைத்துக் கதவைச் சாத்தித் திறங்கள். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடுக்கின் அளவு. எனக்குக் கீல் பக்கம் 2 மி.மீ., பூட்டுப் பக்கம் 5 மி.மீ. வந்தது. ஒரே டேப்பை நான்கு பக்கமும் ஒட்டியது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் விளங்கியது. அளவைவிடச் சற்றே தடிமனான பட்டையை வாங்குங்கள். கதவு மூடும்போது அது அமுங்க வேண்டும், நசுங்கக் கூடாது.

ஒட்டிய பிறகு ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இழுவை தெரிய வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கசிவு இருக்கிறது.

சாதாரண ஃபோம் டேப் சீக்கிரம் தட்டையாகிவிடும். தினமும் புழங்கும் கதவுக்கு இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பட்டைதான் வாங்குவேன். கதவின் அடிப்பகுதிக்கு பிரஷ் வைத்த பட்டை. தரை மேடுபள்ளமாக இருந்தாலும் கதவு தட்டாமல் திறக்கும்.

பிறகு சேர்த்தது

ஸ்லைடிங் ஜன்னலில் ஃபோம் டேப் உரசி உரிந்துவிட்டதாக, இதைப் படித்த சிலர் எழுதியிருந்தார்கள். அதற்கு மென்மயிர் போன்ற பைல் பட்டை இருக்கிறது. சட்டத்தின் பள்ளத்தில் செருகினால் போதும். ஒருவர் ஜன்னல் சட்டத்தின் அடியில் இருந்த சிறு துளைகளையும் அடைத்துவிட்டார். அவை மழைநீர் வடியும் வழி, உடனே திறந்துவிடுங்கள். கேஸ் கீசரோ கேஸ் ஹீட்டரோ இருக்கும் அறையின் காற்றுத் துவாரத்தை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு தேங்கி உயிரைப் பறித்துவிடும்.