பழைய வீட்டை வாங்கிக் குடிபோகலாமா? முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

பெயர்ந்த தரை, அழுக்கேறிய சுவர், உடைந்த ஜன்னல் கதவு இவற்றைப் பார்த்து மிரள வேண்டாம். அவற்றுக்கு என்ன செலவாகும் என்று அனுபவமுள்ள கொத்தனார் ஒரே நடையில் சொல்லிவிடுவார். வீடு வேண்டுமா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பவை கூரை, அஸ்திவாரம், ஈரம், தெருமட்டம் ஆகிய நான்கும்தான். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். கோடையில் பார்ப்பதாக இருந்தால், கூரையின் அடிப்பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் புது வெள்ளை அடித்திருக்கிறதா என்று கவனியுங்கள், அங்கேதான் ஒழுகியிருக்கும்.

கான்கிரீட் கூரையை முழுதும் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும் இடத்தில் பெரும்பாலும் கம்பி துருப்பிடித்து, துரு உப்பிக் காரையை உந்தித் தள்ளியிருக்கிறது. சன்ஷேடு, பால்கனி, குளியலறை மேற்கூரை ஆகியவற்றில்தான் இது முதலில் தொடங்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இன்னும் சீக்கிரம். அந்த இடங்களோடு நின்றிருந்தால் பயமில்லை. கூடத்துக் கூரையில் நீளவாக்கில் பல இடங்களில் கம்பி தெரிந்தால் கம்பியை அளந்து பார்க்க வேண்டும். 10 மி.மீ. கம்பி துருவைச் சுரண்டியபின் 8 மி.மீ. இருந்தால் பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் அதன் குறுக்குப் பரப்பில் 36 விழுக்காடு போய்விட்டது. அப்படிப்பட்ட கூரையைப் பூசி மறைத்தால் உள்ளே துரு நிற்காது, பூச்சு மறுபடி விழும். மேற்கூரையையே மாற்ற வேண்டி வந்தால் கட்டடத்துக்கு விலை போடாமல் மனைக்கு மட்டும் விலை பேசுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் எனப்படும், மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை என்றால் பார்க்க வேண்டிய இடம் வேறு. கட்டையின் நடுப்பகுதி உறுதியாகத் தெரியும். சுவருக்குள் நுழையும் முனைதான் ஈரம் குடித்து மக்கும், கரையானும் அங்கிருந்தே ஏறும். ஸ்குரூ டிரைவரால் முனையைக் குத்துங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அந்தக் கட்டை போய்விட்டது. இரு முனைகளுக்கும் நூல் கட்டிப் பாருங்கள். 10 அடிக் கட்டை நடுவில் ஓர் அங்குலத்துக்கு மேல் தொய்ந்திருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைக் கூட்டிவராமல் முடிவெடுக்காதீர்கள். மாடிக்கு ஏறி, ஒழுகலை நிறுத்த யாராவது அங்கே பதித்த தட்டையான ஓட்டின் (தட்டோடு) மேல் கான்கிரீட் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டு அங்குலக் கான்கிரீட், 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. அதைச் சுமக்க அந்தக் கட்டைகள் வைக்கப்படவில்லை.

சுவர் விரிசல்கள் எல்லாம் ஒன்றல்ல. தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்க்கோடாக ஓடுவது பெரும்பாலும் பூச்சு விரிசல். கூரைக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஓடுவது வெயிலில் கான்கிரீட் விரிவதால் வருவது. ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுபோல இறங்குவதுதான் அஸ்திவாரம் அமர்வதன் அடையாளம். அதன் மேல் சிறு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது. கரிசல் மண் பகுதிகளில் விரிசல் கோடையில் அகன்று மழையில் சுருங்கும் என்பதால் ஒரு மாதத்துச் சோதனை போதாது.

சுவரின் அடியில் மூன்றடி உயரம்வரை உப்பு பூத்திருந்தால் ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. சுண்ணாம்பில் கட்டிய சுவருக்கு இதற்காகச் சிமெண்ட் பூச்சு அடிப்பது பெருந்தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சுக்கு மேல் புதிதாக உப்பு பூக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான்.

தெருமட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால் தாழ்ந்துபோன வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாயால் சாலையின் நடுமட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து பாருங்கள். தரை தாழ்ந்திருந்தால் மழைநீரோடு சாக்கடையும் திரும்பி உள்ளே வரும். மண் கொட்டித் தரையை இரண்டடி உயர்த்தினால் 10 அடி உயர அறை 8 அடியாகும். கதவு, ஜன்னல், அவற்றின் மேலுள்ள கான்கிரீட் பட்டை (லிண்டல்) எல்லாம் மாற்ற வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குவது உண்டு. ஆனால் உதிரும் காரையில் கட்டிய பழஞ்சுவர் அதைத் தாங்குமா என்று பொறியாளர் சொல்ல வேண்டும், தூக்கிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரர் அல்ல.

மின்சாரம், குழாய் இரண்டையும் முழுக்க மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். எர்த் இல்லாத பழைய ஒயரிங்கில் கீசர் போடக் கூடாது. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மி.மீ. ஒயர் போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கருவியும் வேண்டும்.

ஆவணங்களில் மூலப்பத்திரம், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றோடு பொதுச்சுவர் யாருடையது என்றும் பாருங்கள். "சரிப்படாவிட்டால் இடித்துக் கட்டிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தில் வாங்குபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்: பழைய வீடு பெரும்பாலும் மனை முழுவதும் கட்டியதாக இருக்கும். புதிதாகக் கட்டும்போது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி இடைவெளி விட வேண்டும். குறுகிய மனையில் ஓர் அறையே காணாமல் போகலாம். அதனால் இடிக்கும் முன், புது வரைபடத்தில் எத்தனை சதுர அடி தேறும் என்று போட்டுப் பாருங்கள்.

பணக் கணக்கில் பத்திரச் செலவு, பழுதுச் செலவு, வேலை நடக்கும் மாதங்களின் வாடகை மூன்றையும் சேருங்கள். பழுது மதிப்பீட்டின் மேல் கால் பங்கு கூடுதலாக வையுங்கள். பூச்சை உடைத்தபின் தெரியவரும் வேலைக்கு அது போய்விடும். கூரை, சுவர், அஸ்திவாரம் மூன்றின் செலவு மட்டுமே புதுவீடு கட்டும் செலவில் பாதியைத் தாண்டினால் பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது என்பது எங்கள் கருத்து.

வாங்கினால் முதலில் கூரையும் வடிகாலும், அடுத்து ஒயரிங், குழாய், பிறகு பூச்சு, தரை. இந்த வேலைகளைத் தூசியோடு குடியிருந்துகொண்டு செய்யாதீர்கள். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் அறவே ஆகாது. ஒரு குளியலறையும் சமையலறையும் முழுமையாக முடிந்தபின் குடிபோய், மர வேலைகளைப் பிறகு பார்க்கலாம். பெயிண்டை மட்டும் அவசரப்பட்டு அடிக்காதீர்கள். புதுப் பூச்சு நீராற்றி முடிந்து நான்கு வாரமாவது காய வேண்டும், மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக.