மூன்றாவது நிறமாற்றத்துக்குக் காத்திருக்காதீர்கள்: பல புரோட்டான் அமிலங்களைத் தரம்பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் மாணவர்களுக்கு வேதியியல் செய்முறை சொல்லிக்கொடுக்கிறேன். மூலக்கூறுக்கு மூன்று புரோட்டான்கள் (H⁺) தரக்கூடிய பாஸ்பாரிக் அமிலத்தைத் தரம்பார்க்கும், அதாவது காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தின் அளவைக் கண்டறியும் நாளில், "மூணாவது நிறமாற்றம் எப்ப சார் வரும்?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அது வராது. 0.05 மோலார் பாஸ்பாரிக் அமிலம் 20 மி.லி. எடுத்தால், 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி. சேர்ந்ததும் முதல் புரோட்டானும், 20 மி.லி. சேர்ந்ததும் இரண்டாவதும் தீர்ந்துவிடும். மூன்றாவது புரோட்டானின் பி.கே.ஏ. மதிப்பு (இது கூடக்கூட, புரோட்டான் பிரிவது கடினம்) 12.3 என்பதால், நீர்த்த கரைசலில் அதற்கெனத் தெளிவான முடிவுநிலை கிடையாது. மூலக்கூறு வாய்பாட்டை மட்டும் பார்த்து 30 மி.லி. வரை காரத்தை ஊற்றுவதுதான் முதல் தவறு.

நிறங்காட்டியிலும் பிசகு நேர்கிறது. முதல் புரோட்டான் சரியாகத் தீரும் புள்ளியான முதல் சமானப் புள்ளியின் பி.எச். சுமார் 4.7, மெத்தில் ஆரஞ்சு செம்மஞ்சளானதுமே நிறுத்தினால், ஏறத்தாழ 0.3 மி.லி. முன்னதாகவே நிறுத்திவிடுவோம். ஆகவே முழு மஞ்சள் வரும்வரை பொறுக்க வேண்டும், அல்லது புரோமோகிரசால் பச்சை என்ற நிறங்காட்டியைப் பயன்படுத்தலாம். இரண்டாவது புள்ளி 9.7-ஐ ஒட்டி இருப்பதால், பினாப்தலீனின் முதல் இளஞ்சிவப்பும் அரை மி.லி. அளவுக்கு அவசரப்படும், அங்கே தைமால்ப்தலீனே பொருத்தமானது என்பது என் கருத்து.

எல்லா அமிலமும் இப்படிப் படிப்படியாக இறங்குவதில்லை. கந்தக அமிலத்தின் இரு புரோட்டான்களும் ஒரே முடிவுநிலையில் தீர்கின்றன. சிட்ரிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்புகள் 3.1, 4.8, 6.4 என நெருங்கி நிற்பதால், மூன்றும் ஒரே படியாகவே தெரியும். ஒருமுறை ஏற்காடு ஆரஞ்சுச் சாற்றை 10 மி.லி. எடுத்துப் பினாப்தலீனுடன் தரம்பார்த்தோம், 0.1 மோலார் காரம் 12.5 மி.லி. செலவானது. ஒரு மாணவி அதை நேராக 192 என்னும் மூலக்கூறு நிறையால் பெருக்கி, சாற்றில் 2.4 சதவீதம் அமிலம் என்று எழுதியிருந்தாள். அவ்வளவு அமிலம் இருந்தால் வாயில் வைக்க முடியுமா? ஒரு மோல் சிட்ரிக் அமிலத்துக்கு மூன்று மோல் காரம் வேண்டும் என்பதால் 3-ஆல் வகுக்க, 0.8 சதவீதம் என்ற நம்பத்தகுந்த விடை வந்தது. ஆக்சாலிக் அமிலத்தில் வகுக்க வேண்டிய எண் 2. அதன் படிகத்தை எடையிடும்போது இரண்டு நீர் மூலக்கூறுகளையும் சேர்த்து, 90-க்குப் பதில் 126 எனக் கொள்ள வேண்டும்.

கடைசியாக, தண்ணீர். காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோனால் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிடும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. கடின நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தில் ஒரு பகுதியை விழுங்குவதால், பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் அளவீடு குறையும். அதே நீரிலுள்ள கால்சியமோ பாஸ்பேட்டை வீழ்படிவாக்கி, மேலும் புரோட்டான்களை விடுவித்து, இரண்டாவது அளவீட்டைக் கூட்டும். குடுவை கலங்கலாகத் தெரிந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நேரம் மிச்சம்.