ஜூலையில் எல்க் மான்: சூரியனுக்கு எதிரே நின்று எடுங்கள்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் எல்க் என்ற பெரிய மானைப் படம் எடுக்க, செப்டம்பரில் இணைசேரும் காலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலையில், விடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்குள், மரம் வளராத உயரத்துப் புல்வெளிக்குப் போய், மானுக்குப் பின்னால் சூரியன் இருக்கிற மாதிரி இடம் பிடியுங்கள்.

அந்த மாதம் ஆண் மானின் கொம்பை மெல்லிய ரோமத்தோடு ஒரு தோல் போர்த்தியிருக்கும். பின்னொளி பட்டதும் அந்த ரோமம் பொன் கோடு போட்டதுபோல் மின்னும். இணைசேரும் காலத்துப் படங்களில் இது கிடைக்கவே கிடைக்காது, ஏனென்றால் அதற்கு முன்பே மான்கள் அந்தத் தோலை உரசித் தள்ளிவிடும். வெயிலுக்கும் பூச்சிக்கும் தப்பி மேலே வந்த கூட்டம் திறந்த வெளியில் மேயும். சுற்றியுள்ள சிகரங்களும் படத்தில் வரட்டும். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் விலை உயர்ந்த 600 மி.மீ. லென்ஸ் எதற்கு? 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும். பின்னணி நிழலான சரிவாக இருந்தால் கேமராவில் வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள், கோடு தெளிவாக நிற்கும்.

மேகமூட்டமான காலையில் இது பலிக்காது. மார்ச், ஏப்ரலில் கொம்பே உதிர்ந்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் குட்டியோடு இருக்கும் பெண் மான் பாய்ந்து வரும், அப்போது கிட்டே போகவே வேண்டாம். மற்ற நாட்களிலும் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள ராக்கி மலை தேசியப் பூங்காவின் விதிப்படி 75 அடியாவது (சுமார் 23 மீட்டர்) தள்ளி நில்லுங்கள்.